விளையாட்டு சோறு போடுமா?

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை என்றதும் எல்லோரும் கிரிக்கெட்டைத்தான் எதிர்பார்ப்பீர்கள். கிரிக்கெட்டைப் பற்றி எழுத நம்ம விடுதியிலேயே நாற்பது பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் ரக்பியை எடுத்துக்கொண்டேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. அந்த ஆட்டத்தையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறவரின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்காத வீடு நம்மில் யாருக்கும் இல்லை. ரக்பி உலகம் இதே கேள்வியை வைத்துக்கொண்டு சரியாக நூறு வருஷம் சண்டை போட்டது. அந்தச் சண்டை முடிந்த வருஷத்தில் உலகப் புகழ் பெற்றவர் நியூசிலாந்து வீரர் ஜோனா லோமு. இந்தத் தொழிலின் நல்லது கெட்டது இரண்டும் அவர் ஒருவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

முதலில் ஆட்டம்

ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஒரு அணிக்கு 15 பேர். ஆட்ட நேரம் 80 நிமிடம், இரண்டு பாதி. பந்து முட்டை வடிவம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிரணி கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம். இதற்குப் பெயர் டேக்கிள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'டிரை', 5 புள்ளி. அதன் பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மேலும் 2. பெனால்டி உதைக்கு 3.

1 முதல் 8 வரை சட்டை எண் உள்ளவர்கள் முன்வரிசை ஆட்கள். முட்டி மோதிப் பந்தை எடுத்துத் தருவது அவர்கள் வேலை. 9 முதல் 15 வரை பின்வரிசை. பந்தோடு ஓடுவது அவர்கள் வேலை. 11-ம் 14-ம் இரண்டு ஓரங்களிலும் நிற்கும் 'விங்'. கட்டு மெலிவாக, குதிரை மாதிரி ஓடுகிறவர்களைத்தான் அங்கே நிறுத்துவது பழைய வழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஆட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1873-ல் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி சங்கம் வைத்தார்கள். சில வருஷத்தில் ஆள் குறைந்து சங்கத்தை மூட வேண்டி வந்தது. வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக வாங்கி, உருக்கி, ஒரு கோப்பையாக வார்த்து 1878-ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லிருந்து மோதி வருவது இந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். நம் ஊர் ரூபாய் அங்கே கோப்பையாக நிற்கிறது!

சனிக்கிழமைக் கூலி

இப்போது சண்டைக்கு வருவோம். இங்கிலாந்து ரக்பி சங்கம் 1871-ல் தொடங்கியது. தொடங்கியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பெரிய பள்ளிகளில் படித்தவர்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்பது அவர்கள் கொள்கை. கொள்கை நல்ல கொள்கைதான், வயிறு நிறைந்தவனுக்கு!

ஆனால் வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம், ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் சுரங்கத் தொழிலாளிகளும் மில் தொழிலாளிகளும். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை உண்டு. ஆட்டமும் சனிக்கிழமைதான். ஆடப் போனால் கூலி போச்சு. வெளியூர் ஆட்டம் என்றால் முழு நாளும் போச்சு. அடிபட்டால் அதோடு வாரக் கூலியும் போச்சு.

அவர்கள் பெரிய சம்பளம் எதுவும் கேட்கவில்லை. ஆட வந்ததால் போன கூலியை மட்டும் ஈடு செய்யுங்கள் என்றார்கள். 1893-ல் இந்தக் கோரிக்கை சங்கக் கூட்டத்தில் ஓட்டுக்கு வந்து தோற்றது. 1895 ஆகஸ்ட் 29-ம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட வடக்குச் சங்கங்கள் கூடி, தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கின. அதுதான் பின்னால் ரக்பி லீக் ஆனது. 1906-ல் அணிக்கு 13 பேர் என்று ஆட்ட விதியையும் மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து யூனியன் என்றால் காசு கிடையாது. லீக் என்றால் காசு உண்டு. யூனியன் ஆடியவர் லீக் பக்கம் போனால் திரும்பி வர முடியாது, ஆயுள் தடை!

இதைப் படித்தபோது இது எனக்கு வெளிநாட்டுக் கதையாகத் தெரியவில்லை. என் அப்பா கொத்தனார். என்னை இங்கே சேர்க்க வந்த அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஒரு நல்ல காரியத்துக்காகப் போனாலும் அன்றைய அடுப்புக்கு யார் பதில் சொல்வது என்பது மாதச் சம்பள வீட்டில் வராத கேள்வி. உங்களில் பாதிப் பேருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நூறு வருஷமும் யூனியன் வீரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார்கள். நியூசிலாந்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவரான காலின் மீட்ஸ் ஒரு விவசாயி. 1957 முதல் 1971 வரை நாட்டுக்காக 55 டெஸ்ட் ஆடினார். 1970-ல் தென்னாப்பிரிக்கப் பயணத்தில் கை எலும்பு முறிந்த பிறகும் ஆடினார் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அவருக்குச் சோறு போட்டது மைதானம் இல்லை, அவருடைய பண்ணை.

1995: பூட்டு உடைந்தது

உலகக் கோப்பை 1987-ல் தொடங்கியது. தொலைக்காட்சி வந்தது, விளம்பரம் வந்தது, மைதானம் நிறைந்தது. எல்லோருக்கும் காசு போகிறது, ஆடுகிறவனுக்கு மட்டும் இல்லை என்ற நிலை எத்தனை நாள் நிற்கும்? 1995 ஜூன் மாதம் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனத்தோடு 10 வருஷத்துக்கு 55 கோடி அமெரிக்க டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டன. 1995 ஆகஸ்ட் 26-ம் தேதி பாரிஸ் நகரில் உலக ரக்பி அமைப்பு, இனி வீரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டம் நடந்து நூறு வருஷம் முடிய மூன்றே நாள் பாக்கி!

ஜோனா லோமு

ஜோனா லோமு 1975 மே 12-ம் தேதி ஆக்லாந்தில் பிறந்தார். பெற்றோர் டோங்கா தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குழந்தையாக இருந்தபோது சில வருஷம் டோங்காவில் சித்தி வீட்டில் வளர்ந்து, பிறகு தெற்கு ஆக்லாந்தின் மாங்கரே பகுதிக்குத் திரும்பினார். அப்போது அங்கே கோஷ்டிச் சண்டைகள் அதிகம். சொந்தக்காரர்களையே அந்த வன்முறையில் பறிகொடுத்த குடும்பம் அது. பையன் கெட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று அவரை வெஸ்லி காலேஜ் என்ற விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ரக்பியில் முழுசாக இறங்கினார்.

உயரம் 196 சென்டிமீட்டர், எடை சுமார் 120 கிலோ. இந்த உடம்பு முன்வரிசைக்குரியது; பள்ளியில் அவர் அங்கேதான் ஆடினார். ஆனால் 100 மீட்டரை 11 வினாடிக்குள் ஓடுவார்! எனவே தேசிய அணியில் 11-ம் எண் சட்டையைக் கொடுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். மெலிந்த ஆட்கள் நிற்கும் இடம் என்று மேலே சொன்னேனே, அதே இடம்.

1994 ஜூன் 26-ல் பிரான்சுக்கு எதிராக முதல் டெஸ்ட். வயது 19 வருஷம் 45 நாள். நியூசிலாந்து அணியில் டெஸ்ட் ஆடியவர்களிலேயே இளையவர். ஆனால் அந்தத் தொடரில் நியூசிலாந்து இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. புது இடத்தில் நின்று பழக்கமில்லாத லோமுவின் பின்பக்கத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அணியிலிருந்து அவரை ஒதுக்கினார்கள். இரண்டே டெஸ்ட் அனுபவத்தோடுதான் 1995 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா போனார்.

அங்கே நடந்தது சரித்திரம். ஜூன் 18, கேப் டவுன், அரையிறுதி, எதிரணி இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே பந்து லோமு கைக்கு வந்தது. இரண்டு பேரைத் தாண்டினார். கடைசியாக நின்றவர் மைக் கேட். லோமு அவரைச் சுற்றி ஓடவில்லை. அவர் மேலேயே ஏறி ஓடி டிரை போட்டார்! அன்று மட்டும் நான்கு டிரை. நியூசிலாந்து 45, இங்கிலாந்து 29.

கொஞ்சம் மெக்கானிக்ஸ்

நாம் படிக்கும் பாடத்தை இங்கே போட்டுப் பார்ப்போமே. உந்தம் என்பது நிறை பெருக்கல் திசைவேகம். லோமு 120 கிலோ. கையில் பந்தோடு வினாடிக்கு 8 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 960. எதிரே 85 கிலோ ஆள் அசையாமல் நின்று கட்டிப் பிடிக்கிறார் என்றால் மொத்த நிறை 205 கிலோ. உந்தம் மாறாது என்பதால் 960-ஐ 205-ஆல் வகுத்தால் சுமார் 4.7. அதாவது பிடித்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வினாடிக்கு 4.7 மீட்டர், மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருப்பார்! நம்ம ஊர் சைக்கிள் வேகம்.

அப்படியானால் அவரை நிறுத்தவே முடியாதா? முடியும். சூத்திரத்தில் இரண்டு எழுத்து இருக்கிறது. நிறையைக் குறைக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். ஜூன் 24, ஜோஹன்னஸ்பர்க், இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கர்கள் அவர் வேகம் எடுப்பதற்கு முன்பே வந்து விழுந்தார்கள். ஒருவர் விட்டால் அடுத்தவர், அவர் விட்டால் இன்னொருவர். பிடியும் நெஞ்சில் இல்லை, காலில். அன்று லோமுவால் ஒரு டிரைகூடப் போட முடியவில்லை. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த பந்தால் தென்னாப்பிரிக்கா 15-12 என்று ஜெயித்தது. நெல்சன் மண்டேலா 6-ம் எண் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கேப்டன் ஃபிரான்சுவா பினாரிடம் கோப்பையைக் கொடுத்தது இந்த ஆட்டத்தில்தான்.

கெட்டுப்போன ஃபில்டர்

கோப்பை போனாலும் உலகம் முழுக்க லோமு பெயர்தான். இரண்டு மாதத்தில் ஆட்டம் தொழில்முறை ஆனது. இருபது வயசுப் பையன் உலகத்தின் முதல் ரக்பி நட்சத்திரம். 1997-ல் அவர் பெயரிலேயே வீடியோ கேம் வந்தது. இனி என்ன குறை என்றுதானே நினைப்போம்?

அதே காலத்தில், இருபது வயதிலேயே, அவருக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தது. சிறுநீரகத்தை நாம் ஃபில்டர் என்று நினைத்துக்கொண்டால் புரியும். கழிவை வெளியே விட்டு, சத்தை உள்ளே நிறுத்த வேண்டும். இந்த நோயில் ஃபில்டரின் கண்ணி பெரிதாகி, ரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரோடு வெளியே போய்விடும். உடம்பு வீங்கும், களைப்பு தட்டும். நாளாக ஆக ஃபில்டரே கெட்டுப்போகும்.

அந்த உடம்போடு அவர் செய்ததைப் பாருங்கள். 1997-ல் சிகிச்சைக்காக நீண்ட ஓய்வு. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஏழு பேர் ரக்பியில் தங்கம். 1999 உலகக் கோப்பையில் 8 டிரை. 1995-ல் போட்ட 7-ஐயும் சேர்த்து ஆண்கள் உலகக் கோப்பையில் 15 டிரை என்ற சாதனை. அதைத் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா 2015-ல்தான் சமன் செய்தார். 2000-ம் வருஷம் சிட்னியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நேர டிரை போட்டு 39-35 என்று ஜெயிக்க வைத்தார். மொத்தம் 63 டெஸ்ட், 37 டிரை. 2002-ல் வேல்ஸுக்கு எதிராக ஆடியதுதான் கடைசி டெஸ்ட். அப்போது வயது 27!

2003-ல் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். காலில் நரம்பு பாதிக்கப்பட்டு நடப்பதே சிரமம். 2004 ஜூலையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் வானொலி அறிவிப்பாளரான அவருடைய நண்பர் கிராண்ட் கெரேமா. உயிரோடு இருந்தால் போதும் என்று மற்றவர்கள் நினைக்கிற நேரத்தில் லோமு திரும்பவும் ஆட வந்தார். 2005 கடைசியில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் அணிக்கு ஆடினார், பிறகு நியூசிலாந்தில் நார்த் ஹார்பர் அணிக்கு. பழைய வேகம் இல்லை. தேசிய அணிக்குத் திரும்பும் ஆசை நிறைவேறவில்லை. 2007-ல் நிறுத்திக்கொண்டார். 2011-ல் மாற்றுச் சிறுநீரகமும் கைவிட்டது, மறுபடியும் டயாலிசிஸ். 2015 நவம்பர் 18-ல், நாற்பது வயதில் காலமானார்.

அவர் இறந்த பிறகு வெளிவந்த இன்னொரு செய்திதான் என்னை யோசிக்க வைத்தது. உலகமே அறிந்த அந்த மனிதர் குடும்பத்துக்குப் பெரிய சொத்து எதுவும் விட்டுப் போகவில்லை. அவருடைய இரண்டு சிறு பையன்களுக்காக வீரர்கள் சங்கம் முன்னின்று ஒரு அறக்கட்டளை வைக்க வேண்டியிருந்தது.

தொழில் என்றால் எப்படி?

லோமு தனி மனிதர். சாதாரணத் தொழில்முறை வீரரின் வாழ்க்கை எப்படி? நம்ம அப்ரண்டிஸ் முறை போலத்தான். பள்ளி அணியில் நன்றாக ஆடுகிற பையனை, பதினேழு பதினெட்டு வயதில் ஒரு சங்கத்தின் பயிற்சிக்கூடம் எடுத்துக்கொள்ளும். சிறு தொகை, சாப்பாடு, பயிற்சி. நூறு பேர் நுழைந்தால் சிலர்தான் முழு ஒப்பந்தம் வரை போவார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். பென்ஷன் வரை போகிற நிரந்தர வேலை என்ற பேச்சே கிடையாது.

வேலை நாள் எப்படி என்றால், காலையில் எடைப் பயிற்சி, பிறகு மைதானம், மத்தியானம் போன வார ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் பார்த்துத் தவறு கண்டுபிடிப்பது. எவ்வளவு ஓடினார் என்று கணக்கெடுக்க முதுகில் ஒரு கருவி. வார இறுதியில் எண்பது நிமிட ஆட்டம். அடுத்த இரண்டு நாள் உடம்பு வலி தீர்ப்பதிலேயே போகும்.

நியூசிலாந்தில் தேசிய அணிக்கு ஆட வேண்டுமானால் உள்நாட்டில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆனால் பிரான்சும் ஜப்பானும் அதிகச் சம்பளம் தரும். ஆகவே முப்பது வயதை நெருங்கும் வீரருக்கு, நாட்டின் சட்டையா, குடும்பத்தின் சேமிப்பா என்ற கேள்வி வந்து நிற்கும். வெளிநாடு போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் தெருவிலேயே எத்தனை பேர் துபாய், சிங்கப்பூர் என்று இதே கணக்கைப் போட்டுப் போயிருக்கிறார்கள்!

சம்பளம் கொடுக்கிற இடமாவது நிலையா? அதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1867-ல் தொடங்கிய வாஸ்ப்ஸ் சங்கம் 2022-ல் கடனில் மூழ்கியது. அதே வருஷம் வொர்செஸ்டர் வீரர்களின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. 2023-ல் லண்டன் ஐரிஷ். மில் மூடினால் தொழிலாளி கதி என்னவோ அதேதான். நேற்று வரை கைதட்டல், இன்றைக்கு வேலை தேடல்.

உடம்புதான் மூலதனம்

லேத் மெஷின் தேய்ந்தால் பேரிங் மாற்றலாம். மனுஷ உடம்பில் மாற்ற முடியாதது மூளை. மேலே போட்ட கணக்கில் 960 என்று வந்ததே, அந்த மோதலில் மண்டை ஓட்டுக்குள் மூளையும் குலுங்குகிறது. இங்கிலாந்து 2003-ல் உலகக் கோப்பை ஜெயித்தபோது ஆடியவர் ஸ்டீவ் தாம்ப்சன். அவருக்கு இளம் வயது மறதி நோய் இருப்பதாக 2020-ல், 42 வயதில், வெளியே சொன்னார். கோப்பை வாங்கியதே தனக்கு ஞாபகம் இல்லை என்றார்! ஒருவன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாள், ஊருக்கெல்லாம் நினைவிருக்கிறது, அவனுக்கு மட்டும் இல்லை. இதைவிட வேறு என்ன இழப்பு வேண்டும்? அவரும் வேறு பல முன்னாள் வீரர்களும் ரக்பி அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தார்கள்.

இப்போது பாதுகாப்பு கூடியிருக்கிறது. தலையில் அடி பட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுத்து மருத்துவர் 12 நிமிடம் சோதிக்கிறார். தோளுக்கு மேலே பிடித்தால் தண்டனை. நம்ம ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி போடு, தளர்ந்த சட்டை போடாதே என்று சொல்வது போலத்தான். சொல்லும்போது எரிச்சலாக இருக்கும். கை போனவரைப் பார்த்தால்தான் புரியும்.

ஆட்டம் முடிந்த பிறகு

முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதில் பெரும்பாலோருக்கு ஆட்டம் முடிந்துவிடும். மற்ற தொழிலில் அப்போதுதான் ஒருவர் சூப்பர்வைசர் ஆகியிருப்பார். மீதி முப்பது வருஷத்துக்கு என்ன செய்வது? சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள், சிலர் டி.வி.யில் பேசுகிறார்கள். எல்லோருக்கும் அந்த இடம் இல்லை.

இதற்கு நல்ல பதில் சொன்னவர் வேல்ஸ் வீரர் ஜேமி ராபர்ட்ஸ். நாட்டுக்காக 94 டெஸ்ட் ஆடியவர். ஆடிக்கொண்டே கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2013-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் ஓய்வெடுக்கிற நேரம் அவருக்குப் புத்தக நேரம். முழங்கால் போனாலும் பட்டம் போகாது இல்லையா?

கடைசியாக

விளையாட்டு சோறு போடுமா என்றால், போடும். ஆனால் சில வருஷம் போடும், சில பேருக்குப் போடும், உடம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போடும். ஆகவே விளையாட வேண்டாம் என்பதா என் கட்சி? இல்லவே இல்லை. ஆடுகிறவனுக்கு நியாயமான கூலி, அடிபட்டால் வைத்தியம், ஆட்டம் முடிந்தால் ஒரு வழி, இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல தொழில். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டு தொழிலாளிகள் கேட்டது முதல் ஒன்றைத்தான். மற்ற இரண்டையும் இன்றைய வீரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நாமும் இன்னும் கொஞ்ச நாளில் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறோம். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், அடிபட்டால் என்ன, கம்பெனி மூடினால் என்ன, நாற்பது வயதில் நமக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். நம்ம கல்லூரி அணியில் ஆடுகிற நண்பர்களே, நீங்கள் மைதானத்துக்குத் தாராளமாகப் போங்கள். அரியர் பேப்பரையும் எழுதிவிட்டுப் போங்கள்!